ஸொஃபனி வரைந்த லக்னோ: பெயர் எழுதப்பட்டவர்களும் எழுதப்படாதவர்களும்

 

இந்தக் கிழமைப் பதிவு ஒரு ஜேர்மன் ஓவியரைப் பற்றியது. கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வந்து வாசியுங்கள்.

ஜேர்மன்காரனுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த மனிதர் எங்கள் பக்கத்துக் கடலுக்கு வந்தவர். சென்னையில் இறங்கி, கல்கத்தாவுக்கும் லக்னோவுக்கும் போய், அங்கிருந்த முஸ்லிம் நவாபையும் அவருடைய அமைச்சரையும், கம்பனிக்காரரின் வீடுகளில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களையும், அவர்களுக்குப் பின்னால் நின்ற வேலைக்காரரையும் ஒரே துணியில் எண்ணெய் வர்ணத்தால் பதித்துவிட்டுப் போனவர். அந்தப் படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்க்கத் தொடங்கினால் விஷயம் எங்கள் ஊர்வரைக்கும் வந்துவிடுகிறது.

பெயர் யொஹான் ஸொஃபனி. 1733 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆம் திகதி ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் பிறந்தவர். குடும்பத்தின் பழைய பெயர் ஸவுஃபாலி. தகப்பன், தூர்ன் உண்ட் தக்சிஸ் என்ற பிரபுக் குடும்பத்தின் அரண்மனையில் தளபாடத் தச்சர், கட்டடக் கலைஞரும்கூட. தச்சுப்பட்டறை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மரத்தின் வரியும் துணியின் மடிப்பும் தானாகவே கண்ணில் படும். அந்தக் கண் இவருக்குக் கடைசிவரை இருந்தது. முதலில் சிற்பப் பட்டறையில் பழகினார், பிறகு ரேகன்ஸ்பர்க் நகரில் மார்ட்டின் ஸ்பேர் என்பவரிடம் ஓவியம் படித்தார். 1750 இல், பதினேழு வயதில், உரோமாபுரிக்குப் போய் அகொஸ்தினோ மசூச்சியின் பட்டறையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து உரோமாபுரியை நினைத்துப் பாருங்கள். எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்த ஹெர்குலேனியத்தை 1738 இலும் பொம்பெயை 1748 இலும் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய கிரேக்க, உரோமச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஜேர்மனியரான விங்கிள்மன் என்ற அறிஞர் 1755 இல் கிரேக்கக் கலையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதுகிறார். அழகு என்றால் அதுதான், அந்த அமைதியும் அளவும்தான் என்கிறார். இன்னொரு ஜேர்மனியரான மெங்ஸ் அதை ஓவியத்தில் செய்து காட்டுகிறார். இதைத்தான் புதுச்செந்நெறி என்கிறோம். ஸொஃபனியும் அந்தக் காற்றைச் சுவாசித்தவர், ஆகவே கலை வரலாற்று நூல்கள் அவரையும் அந்த வரிசையில் வைக்கின்றன. எங்கள் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. மெங்ஸ் தேவலோகத்தைப் பார்த்து வரைந்தவர், ஸொஃபனி அறைக்குள் இருக்கிற ஆட்களைப் பார்த்து வரைந்தவர். கிரேக்கச் சிலையை வரையச் சொன்னாலும் அதற்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சொறிகிற ஆளையும் சேர்த்து வரைந்துவிடுவார்.

1760 இல் இலண்டனுக்குப் போனார். உரோமாபுரியில் படித்த கெட்டிக்காரருக்கு அங்கே கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? ஸ்டீபன் ரிம்போ என்ற மணிக்கூட்டுக்காரரிடம், மணிக்கூட்டின் முகப்பில் சின்னச் சின்னப் படம் வரைவது. பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். அதற்குப் பிறகு பெஞ்சமின் வில்சன் என்ற ஓவியரிடம் கூலிக்கு உடுப்பும் பின்னணியும் வரைந்து கொடுத்தார். முகத்தை முதலாளி போடுவார், பெயரும் முதலாளிக்குத்தான். அப்படி வரைந்த துணிமடிப்பைப் பார்த்துத்தான், இதை வரைந்தது வில்சன் இல்லை என்று நாடக நடிகர் டேவிட் கரிக் கண்டுபிடித்தாராம். கரிக் அக்காலத்து இலண்டன் மேடையின் பெரிய நட்சத்திரம். அவர் ஸொஃபனியைத் தன்னிடம் அழைத்து, தன் நாடகக் காட்சிகளை வரையச் சொன்னார். 1762 இலிருந்து ஸொஃபனியின் கை ஓங்கியது.

பிறகு அரண்மனை. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவி சார்லட் அரசி ஜேர்மனியில் பிறந்தவர், அந்நிய நாட்டில் தாய்மொழி பேசும் ஓவியர் ஒருவர் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்கும். அரசியும் இரண்டு மூத்த மகன்களும் இருக்கும் 1764 ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தால், அரச குடும்பம் என்பதைவிட ஒரு வீட்டுத் தாயும் வேஷம் போட்ட இரண்டு குழப்படிப் பெடியன்களும் என்றுதான் தோன்றும். 1768 இல் றோயல் அக்கடமி ஆரம்பிக்கப்பட்டது, அடுத்த வருடமே மன்னர் இவரை அதில் உறுப்பினராக்கினார்.

அந்த அக்கடமியை இவர் வரைந்த படம் (1771-72) பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உறுப்பினர்கள் எல்லாரும் ஓர் அறையில் கூடியிருக்கிறார்கள், ஆண் மாதிரி ஒருவர் உடுப்பில்லாமல் இருக்கிறார், அவரைப் பார்த்து வரைவதற்கான வகுப்பு. அக்கடமியை ஆரம்பித்தவர்களில் இரண்டு பெண்களும் உண்டு: அஞ்செலிக்கா காவ்ஃப்மன், மேரி மோசர். ஆனால் உடுப்பில்லாத ஆண் இருக்கும் அறையில் பெண்கள் இருப்பது மரியாதை இல்லை. ஸொஃபனி என்ன செய்தார்? இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக வரைந்துவிட்டார். படத்துக்குள் படம். ஆண்கள் ஆட்களாக நிற்கிறார்கள், பெண்கள் சட்டத்துக்குள் தொங்குகிறார்கள். அந்த இருவருக்கும் பிறகு ஒரு பெண் அங்கே முழு உறுப்பினராகத் தெரிவானது 1936 இல். அதே படத்தில், இலண்டனுக்கு வந்திருந்த சீனக் களிமண் சிற்பி ஒருவரும் பின்வரிசையில் நிற்கிறார், உறுப்பினராக அல்ல, விருந்தாளியாக. ஒரு குழுப் படத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்பதில் எத்தனை சங்கதி இருக்கிறது பாருங்கள். பாடசாலையில் வருடாவருடம் குழுப்படம் எடுக்கும்போது காவலாளி அண்ணரும் கூட்டித் துடைக்கிற அக்காவும் எங்கே நிற்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1772 இல் கப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தோடு போகவேண்டியவர், அது குழம்பிப்போனது. அதற்குப் பதிலாக அரசி இவரைப் புளோரன்சுக்கு அனுப்பினார். அங்கே உஃபீசி என்ற கலைக்கூடத்தில் திரிபூனா என்றொரு அறை இருக்கிறது. நான் இத்தாலிக்குப் போக முடியாது, அந்த அறையை அப்படியே வரைந்து வாரும் என்பது அரசியின் கட்டளை. இவர் ஆறேழு வருடம் இழுத்தடித்தார். வேறு மாளிகையில் இருந்த படங்களையும் கொண்டுவந்து அறைக்குள் வைத்தார், அங்கே சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலக் கனவான்களையும் நிரப்பினார், தன்னையும் ஒரு மூலையில் போட்டார். இடையில் ஒஸ்திரியாவின் மரியா தெரேசா பேரரசியிடமிருந்து 1776 இல் பிரபுப் பட்டம் வேறு. 1779 இல் படத்தோடு திரும்பினால், அரசிக்கும் மன்னருக்கும் பிடிக்கவில்லை. நாங்கள் கேட்டது கலையை, நீர் கொண்டுவந்தது ஊர்க்கூட்டத்தை என்பது அவர்களின் மனக்குறை. அதோடு அரண்மனை வேலை நின்றது.

அவர் இலண்டனில் முடித்துவைத்த இன்னொரு நல்ல படம் சார்ல்ஸ் டவுன்லியின் நூலக அறை. அறை நிறையக் கிரேக்க, உரோமச் சிலைகள், நடுவில் நாலைந்து நண்பர்கள், காலடியில் ஒரு நாய். அந்தச் சிலைகளைத்தான் 1805 இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. ஆனால் கையில் காசு குறைந்துகொண்டே வந்தது. ஐம்பது வயது. இந்தியாவுக்குப் போனால் கொட்டிக் கிடக்கிறது என்று எல்லாரும் சொன்ன காலம்.

1783 இல் 'லோர்ட் மக்கார்ட்னி' என்ற கப்பலில் வந்து சென்னையில் இறங்கினார். அப்போது சென்னையின் ஆளுநரின் பெயரும் அதுவேதான். அந்த நேரம் எங்கள் பக்கம் எப்படி இருந்தது? மைசூரோடு யுத்தம், கர்நாடகம் முழுக்கப் பஞ்சம். திருகோணமலையை 1782 இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடிக்க, அதே வருடம் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் அதைப் பறித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தக் கொடி. இப்படி நாலு பக்கமும் பீரங்கி வெடிக்கும்போது ஒருவர் வர்ணப் பெட்டியோடு வந்து இறங்குகிறார்.

அவர் முதல் ஆளுமல்ல. 1769 இலேயே டில்லி கெட்டில் என்ற ஆங்கிலேய ஓவியர் சென்னைக்கு வந்து, ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவை வரைந்தார். பிறகு ஜோர்ஜ் வில்லிசன் வந்து அதே நவாபை மீண்டும் மீண்டும் வரைந்தார். திருச்சி, சென்னைப் பள்ளிவாசல்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு வாலாஜாவின் பெயர் தெரியும். கடனில் மூழ்கிய ஒரு நவாப் தன்னை முழு உயரத்தில், வெள்ளை மஸ்லினில், மார்பு நிறைய முத்தோடு வரையச்செய்து இங்கிலாந்துக்குப் பரிசாக அனுப்பினார். வீண் ஆடம்பரம் என்று சொல்லிவிடுவது சுலபம். கம்பனி அவரைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கடன்காரனாக எழுதிக்கொண்டிருந்தபோது, நானும் ஓர் அரசன் என்று சொல்ல அவரிடம் மிஞ்சியிருந்த வழி அது. லக்னோவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஸொஃபனி சென்னையில் தங்கவில்லை. அதே வருடமே கல்கத்தாவுக்குப் போய், ஆளுநர் நாயகம் வாரன் ஹேஸ்டிங்ஸையும் மனைவி மரியனையும் வரைந்தார். (மரியனும் ஜேர்மன் பெண்தான். 1769 இல் சென்னைக்கு வந்த கப்பலில், இம்ஹோஃப் என்ற சிற்றோவியக்காரரின் மனைவியாக வந்தவர், ஹேஸ்டிங்ஸைச் சந்தித்ததும் அந்தக் கப்பலில்தான். மிச்சக் கதையை ஊகித்துக்கொள்ளுங்கள்.) பிரதம நீதியரசர் இலைஜா இம்பியின் குடும்பத்தையும் வரைந்தார். அதில் நீதியரசரின் சின்ன மகள் இந்திய உடுப்பில் நடனமாடுகிறாள், ஒரு பக்கம் இந்திய வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள், ஆயாமார் நிற்கிறார்கள். நீதியரசரின் குடும்பத்து ஆட்கள் யார் யார் என்று தெரியும். வாத்தியக்காரரின் பெயர் படத்தோடு வரவில்லை.

1784 இல் லக்னோவுக்குப் போனார். இனி அங்கேதான் நாங்கள் கனநேரம் நிற்கப்போகிறோம்.

அவத் இராச்சியத்தின் நவாப் ஆசஃபுத்தவுலா 1775 இல் ஆட்சிக்கு வந்து, தலைநகரை ஃபைசாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாற்றியவர். பெயர் நவாப், ஆனால் கழுத்தில் கம்பனியின் கயிறு. தன் நாட்டில் கம்பனிப் படை நிற்பதற்கு அவரே செலவு கொடுக்க வேண்டும். அது பிற்பாடு குறைக்கப்பட்ட பிறகும் ஆண்டுக்கு 50 இலட்சம் ரூபாய். காசு போதாமல், ஹேஸ்டிங்ஸின் நெருக்குதலில், நவாபின் தாயிடமும் பாட்டியிடமும் இருந்த பொக்கிஷத்தைப் பறித்த சம்பவமும் நடந்தது. அந்தக் குற்றச்சாட்டும் சேர்ந்துதான் ஹேஸ்டிங்ஸ் 1788 இலிருந்து 1795 வரை இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரணைக் கூண்டில் நின்றார். விடுதலையானார் என்பது வேறு.

ஸொஃபனியின் இந்தியப் படங்களில் பேர்போனது 'கேணல் மோர்டன்ட்டின் சேவற்சண்டை'. ஹேஸ்டிங்ஸுக்காக வரைந்தது, இப்போது இலண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. மோர்டன்ட், இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன், நவாபின் மெய்க்காவற் படைக்குத் தலைவர். சேவற்சண்டை என்றால் இருவருக்கும் உயிர். படத்தில் பெரிய பந்தலின் கீழ் சனக்கூட்டம். நடுவில் மோர்டன்ட் வெள்ளை உடுப்பில் நெட்டையாக நிற்கிறார். நவாப் பருத்த உடம்போடு, நகைகளோடு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவரை நோக்கி வருகிறார். கதிரையிலும் சோஃபாவிலும் வெள்ளைக்காரர், சுற்றிவர லக்னோவாசிகள், பின்னால் ஆடுகிற பெண்கள். முன்னால் சேவல்களோடு குந்தியிருக்கிறவர்கள். வலது பக்கத்தில் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஸொஃபனியே, அவருடைய தோளில் கை வைத்து நிற்பவர் ஒசையஸ் ஹம்ஃப்ரி என்ற இன்னொரு ஓவியர். (ஹம்ஃப்ரி பாவம். நவாபை வரைந்த காசு முழுதாகக் கைக்கு வராமல், இங்கிலாந்துக்குப் போய் வழக்குப் போட்டவர்.)

1792 இல் ரிச்சர்ட் ஏர்லம் இந்தப் படத்தைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சடித்தார். அது இங்கிலாந்தில் நன்றாக விற்பனையானது. அச்சுப் படத்தோடு, இன்ன இடத்தில் நிற்பவர் இன்னார் என்று ஒரு விளக்கமும் உண்டு. அதனால் ஒரு குடும்பத்தில் குழப்பமே வந்ததாகச் சொல்வார்கள். றொபர்ட் கிரெகறி என்ற வாலிபனுக்கு, சேவற்சண்டைச் சூதுக்குப் போனால் சொத்தில் சல்லிக்காசு கிடையாது என்று தகப்பன் சொல்லி அனுப்பியிருந்தாராம். படத்தில் மகன் சேவலோடு! தகப்பன் சொன்னபடியே செய்தார் என்பது கதை. முகநூலில் படம் வந்து மாட்டுப்படும் இந்தக் காலத்துப் பெடியன்களுக்கு முன்னோடி.

விளக்கத்தில் வெள்ளைக்காரருக்குப் பெயர் உண்டு. நவாபின் பக்கத்திலும் பெரியவர்களுக்கு உண்டு: நவாபின் மாமன் சாலார் ஜங், அமைச்சர் ஹசன் ரஸா கான். மற்றப் பெரும்பாலானவர்கள், சேவல் பிடிப்பவர், ஆடுபவர், ஹூக்கா தூக்குபவர், எல்லாரும் தங்கள் தொழிலாகத்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய முகங்களைப் பார்த்தால் அச்சில் வார்த்த முகங்கள் இல்லை. ஒருவருக்கு முன்பல் விழுந்த சிரிப்பு, ஒருவருக்குச் சலிப்பு. ஆளைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். முகத்தைக் கவனித்தவருக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை, அல்லது படத்தை வாங்கியவருக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொன்று. இந்தப் படத்தைப் பார்த்த இங்கிலாந்துக்காரர் நவாபை எப்படி நினைத்திருப்பார்? சேவலுக்குப் பின்னால் ஓடுகிற சோம்பேறி. இப்படிப்பட்டவனிடம் நாடு இருக்கலாமா என்ற கேள்வி தானாக வரும், அந்தக் கேள்வி கம்பனிக்கு நல்ல வசதி. ஆனால் அதே 1784 இல் அவத்தில் கடும் பஞ்சம். அதே நவாப் அந்த வருடம் லக்னோவில் பெரிய இமாம்பாராவைக் கட்டத் தொடங்கினார். வேலை கொடுத்தால் சனம் பிச்சை எடுக்காமல் சாப்பிடும் என்பது எண்ணம். மதிப்பான குடும்பத்தவர்கள் பகலில் கூலிக்கு வர வெட்கப்படுவார்கள் என்று, முகம் தெரியாதபடி இரவில் அவர்களுக்கு வேலை கொடுத்ததாக லக்னோவில் இன்றும் சொல்வார்கள். அதன் நடு மண்டபம் ஏறத்தாழ 50 மீற்றர் நீளம், அதைத் தாங்க உத்தரமும் இல்லை, நடுவில் தூணும் இல்லை. கட்டடக் கலைஞர் கிஃபாயதுல்லா. அது ஷீஆ மக்கள் முஹர்ரத்தில் இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் நினைவைக் கொண்டாடும் இடம், எங்கள் வழமை வேறு. ஆனாலும் பஞ்ச காலத்தில் பசித்தவனுக்குக் கூலி கொடுத்துக் கட்டிய கட்டடம் என்றால் மரியாதையோடுதான் பார்க்க வேண்டும். இறைவன் கொடுக்காதவனுக்கும் ஆசஃபுத்தவுலா கொடுப்பார் என்ற கருத்தில் அங்கே ஒரு சொலவடை கூட உண்டு. அவ்வளவு தூரத்துக்கு நாங்கள் போகமாட்டோம், அஸ்தஃபிருல்லாஹ்.

சேவற்சண்டை பொய் இல்லை, அது நடந்ததுதான். ஆனால் இங்கிலாந்தின் வரவேற்பறைச் சுவர்களில் தொங்கியது சேவல் மட்டும். கல்லுச் சுமந்தவன் வரவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும்போது படத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அந்த வருடம் வேறு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

லக்னோவில் ஸொஃபனியின் நெருங்கிய நண்பர்கள் இருவர். ஒருவர் குளோட் மார்ட்டின். பிரெஞ்சுக்காரர், 1752 இல் புதுச்சேரிக்குப் படைவீரனாக வந்து, 1760 இல் ஆங்கிலேயர் பக்கம் தாவியவர், பிறகு லக்னோவில் பெரும் பணக்காரர். அவர் 1800 இல் இறந்தபோது எழுதிவைத்த சொத்தில்தான் லக்னோவிலும் கல்கத்தாவிலும் பிரான்சின் லியோனிலும் லா மார்ட்டினியேர் பாடசாலைகள் உருவாகின. மற்றவர் அந்துவான் போலியே, சுவிஸ்காரர், பொறியியலாளர், பாரசீகத்தில் கடிதம் எழுதக்கூடியவர். வேதங்களின் கையெழுத்துப் பிரதியைத் தேடியெடுத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கும் ஒரு படத்தில் இவர்கள் எல்லாரும் ஒரு காலைப்பொழுதில் இருக்கிறார்கள். போலியே தோட்டக்காரர் கொண்டுவந்த காய்கனிகளைப் பார்க்கிறார், மார்ட்டின் தன் வீட்டின் படத்தை நண்பர் வொம்ப்வெல்லுக்குக் காட்டுகிறார், ஸொஃபனி நடுவில் வரைந்துகொண்டிருக்கிறார். வாழைக்குலை, குரங்கு எல்லாம் உண்டு. காய்கனிக் கூடையைப் பார்க்கிறபோது மருதனாமடம் சந்தை ஞாபகம் வரும்.

போலியேயிடம் மிஹிர் சந்த் என்ற இந்திய ஓவியர் ஒருவர் வேலை செய்தார், நல்ல கைகாரர். போலியேயின் பாரசீகக் கடிதங்களில் அவர் வருகிறார், ஆகவே பெயர் தெரிகிறது. ஒரு சாதாரணக் கடிதம் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்ட கதை இது.

இனிப் பெண்கள். மார்ட்டினின் வீட்டில் பூலோன் என்ற முஸ்லிம் பெண் வாழ்ந்தார். சிறு பிள்ளையாகக் காசுக்குக் கைமாறி, மார்ட்டினின் வீட்டுக்கு வந்து, அங்கேயே வாழ்ந்து முடித்தவர். மார்ட்டின் வளர்த்தெடுத்த சுல்ஃபிகார் என்ற பையனோடு பூலோன் மீன் பிடிப்பது போல ஸொஃபனி வரைந்த படம் லக்னோ லா மார்ட்டினியேரில் இருக்கிறது. அமைதியான படம். அந்த அமைதியைப் பார்த்து மயங்கி, அவர் அங்கு வந்த விதத்தை மறந்துவிடக் கூடாது.

ஃபைஸ் பக்ஷ் பேகத்தின் கதை வேறு. கௌரவமான முஸ்லிம் குடும்பத்துப் பெண், வில்லியம் பாமர் என்ற கம்பனி அதிகாரியோடு வாழ்ந்தவர். 1785-86 அளவில் வரைந்த பாமர் குடும்பப் படம் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கனகாலம் அது ஃபிரான்செஸ்கோ ரெனால்டி என்ற வேறு ஓவியரின் கைவேலை என்று எழுதிவந்தார்கள், இப்போது ஸொஃபனியுடையது என்று சொல்கிறார்கள். படம் முற்றுப்பெறவில்லை. பேகம் நிலத்தில், பிள்ளைகளோடு, ஒரு ராணியைப்போல அமர்ந்திருக்கிறார். பாமர் பக்கத்தில் கதிரையில் இருந்து அவரைப் பார்க்கிறார். ஆயாமார் சுற்றிவர. ஒரு வெள்ளைக்காரரின் குடும்பப் படத்தில் நடு இடம் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் கிடைத்திருப்பதை அந்தக் காலத்தில் அதிகம் காணமுடியாது. அதில் நிற்கும் மூத்த பையன் வில்லியம் பின்னாளில் ஹைதராபாத்தில் பெரிய வட்டிக்கடை நடத்தியவர். அந்தத் தலைமுறைக்குப் பிறகு, கலப்புப் பிள்ளைகளுக்குக் கம்பனி கதவை அடைத்துக்கொண்டே வந்தது. இப்படியான குடும்பங்களைப் பற்றி வெளியில் பேசுவதே குறைந்துபோனது.

உருவப்படம் வரைவதைப் பற்றி மார்க்கத்தில் உள்ள கருத்துகளைச் சிலர் கேட்பீர்கள். தெரியும். உலமாக்களிடம் கேட்க வேண்டிய விஷயம் அது. வரலாற்று ஆவணமாக இந்தப் படங்களைப் பார்ப்பது மட்டுமே எங்கள் வேலை. அதைவிடவும் தயங்கவேண்டிய ஒரு படம் உண்டு. நபிமாரின் உருவத்தை வரைவது எங்களுக்கு ஏற்புடையதல்ல, கிறிஸ்தவ நண்பர்களுக்கு அது வழிபாட்டின் பகுதி. 1787 இல் கல்கத்தாவில் திறக்கப்பட்ட புனித யோவான் தேவாலயத்துக்கு ஸொஃபனி 'கடைசி இராப்போசனம்' படத்தை வரைந்து கொடுத்தார். இயேசுவுக்கு மாதிரியாக இருந்தவர் அங்கிருந்த கிரேக்கக் குருவானவர். யோவானுக்கு மாதிரி ஒரு பொலிஸ் நீதவான். காட்டிக்கொடுத்த யூதாசுக்கு, டல்லோ என்ற பிரபலமான ஏலக்காரரின் முகம்! கல்கத்தா முழுக்கச் சிரித்திருக்கும்.

எங்களுக்குப் பிடித்தது முகங்கள் அல்ல. அந்தப் படத்தில் மேசையருகே இருக்கும் சாமான்கள். ஆணியில் தொங்குவது கம்பனிச் சேவகனின் வாள். பாத்திரம், எச்சில் துப்பும் படிக்கத்தின் சாயலில். தரையில் தண்ணீர் நிரப்பிய தோற்பை, வட இந்தியாவில் பிஹிஷ்தி என்ற தண்ணீர்க்காரர் முதுகில் சுமக்கும் அதே பை. பிஹிஷ்திகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அந்தச் சொல்லே பாரசீகத்தில் சுவர்க்கம் என்ற பொருள்படும் பிஹிஷ்த் என்பதிலிருந்து வந்தது, வெயிலில் தண்ணீர் கொண்டுவருபவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது. கல்கத்தாவில் ஜெருசலேமை வரைய இருந்த ஜேர்மன்காரர், தன் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் ஊற்றிய மனிதனின் பையைப் பார்த்து வரைந்திருக்கிறார். மனிதன் இல்லை, பை மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் ஊருக்கு வருவோம். அளவெட்டி மண்ணில் கலைஞனின் பெயர் மறக்கப்படுவதில்லை. தவில் என்றால் தட்சிணாமூர்த்தி, நாதஸ்வரம் என்றால் என். கே. பத்மநாதன், கவிதை என்றால் மஹாகவி உருத்திரமூர்த்தி. சின்னப் பிள்ளையும் சொல்லும். இம்பி வீட்டு வாத்தியக்காரருக்குக் கிடைக்காத கொடுப்பினை இது. ஆனால் பழைய திருவிழாப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரிய வித்துவானின் பெயர் உடனே வரும். பக்கத்தில் ஒத்து ஊதிய பெடியன் யார்? தாளம் போட்டவர் யார்? தீவட்டி பிடித்தவர்? பெயர் தெரிந்த கடைசி ஆள் இருக்கும்போதே கேட்டு வைக்காவிட்டால் அவர்களும் 'தீவட்டிக்காரர்' என்றுதான் நிற்பார்கள்.

படமே இல்லாதவர்களின் கதையும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குச் சில மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. அந்த அவதியில் கல்யாண அல்பத்தை யார் தேடி எடுப்பது? சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அளவெட்டியிலும் எத்தனை வீட்டில் சுவரில் சட்டம் போட்ட படங்கள் அப்படியே போயின என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே மிஞ்சியிருக்கிற ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள். பேனையால் வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். எழுதுகிறபோது வீட்டுக்காரரின் பெயரோடு, ஓரத்தில் நிற்கும் வேலையாளின் பெயரையும் மாட்டுவண்டிக்காரரின் பெயரையும் எழுதுங்கள். ஊர்ப்படங்களை நாங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், தர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். படத்தை எடுத்துப் பிரதி செய்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1789 இல் ஸொஃபனி கப்பலேறினார். அந்தப் பயணத்தைப் பற்றி இணையத்தில் ஒரு பயங்கரக் கதை சுற்றுகிறது, தேடினால் முதலில் அதுதான் வரும். சுவைக்காகப் பகிரப்படும் கதை என்பதால் இங்கே எழுதவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகும் இந்தியக் காட்சிகளை நினைவிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் வரைந்தார். அவத் அமைச்சர் ஹைதர் பேக் கான் கோர்ன்வாலிஸ் பிரபுவைச் சந்திக்கப் போன ஊர்வலம் அவற்றில் ஒன்று. யானைகளும் சனமுமாக நிரம்பிய படம். பிரெஞ்சுப் புரட்சிக் கும்பல் மன்னனின் மதுக் களஞ்சியத்தைச் சூறையாடும் படமொன்றை 1794 இல் வரைந்தார், அதில் பழைய நகைச்சுவை இல்லை, பயம்தான் இருக்கிறது. பிறகு மெல்ல மெல்லத் தூரிகையை விட்டார். தேம்ஸ் நதிக்கரையில் ஸ்ட்ராண்ட்-ஒன்-த-கிரீன் என்ற இடத்தில் மனைவி, பெண்பிள்ளைகளோடு வாழ்ந்து, 1810 நவம்பர் 11 ஆம் திகதி இறந்தார். கியூவில் உள்ள புனித அன்னாள் தேவாலய மயானத்தில் அடக்கம். அதே மயானத்தில் ஓவியர் கெயின்ஸ்பரோவும் இருக்கிறார்.

கல்கத்தா இராப்போசனப் படம் ஈரத்தாலும் காலத்தாலும் பழுதடைந்து, 2010 அளவில் ஜேர்மன் கலாசார நிறுவனமான கோத்தே நிலையத்தின் உதவியோடு திருத்தப்பட்டது. இன்னும் அதே தேவாலயத்தில்தான் தொங்குகிறது. கல்கத்தா போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், தோற்பை தரையில் இருக்கிறது.